ஜகதாம்பாளின் சைவக் குடித்தனக்காரர்

ஜகதாம்பாளுக்கு வாடகைக்கு ஆள் கிடைப்பதில் சிரமம் இருந்ததில்லை. கிடைத்த ஆள் நிலைப்பதுதான் சிரமமாக இருந்தது. டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் அவள் மாமனார் ரயில்வேயில் இருந்தபோது கட்டிய மாடி வீடு அது. மேலே அவளும், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற கணவர் மஹாதேவனும் இருந்தார்கள். கீழே இரண்டு பெரிய அறைகள். அவற்றுக்கு அவள் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: குடி வருகிறவர் சைவமாக இருக்க வேண்டும்.

கல்கத்தாவில் இருந்துகொண்டு இப்படி ஒரு நிபந்தனை போடுவது, கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு புடவையில் மணல் ஒட்டக்கூடாது என்று அடம்பிடிப்பது மாதிரி என்பார் மஹாதேவன். அதை அவர் மெதுவாகத்தான் சொல்வார்.

முதலில் வந்தவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு வங்காளிப் பையன். வீட்டுக்குள் மாமிசம் சமைக்க மாட்டேன் என்று காளி மேல் ஆணையிட்டான். மழைக்காலம் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடுகு அரைத்த வாசனை மாடி ஏறி வந்தது. அவள் கீழே போய்க் கேட்டதற்கு அவளை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அவன் உண்மையாகவே குழம்பிப்போனான். "மாஷிமா, மாமிசம் சமைக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? இது இலிஷ் மீன்!"

அடுத்தவர் கல்லூரி ஆசிரியர். பூணூலை வெளியே எடுத்துக் காட்டினார். பூணூலை நம்பி அவள் சாவியைக் கொடுத்தாள். புதிதாகக் கல்யாணமான அவருக்கு மாமனார் வீட்டிலிருந்து சீர் வந்தது. தாம்பாளத்தின் நடுவில் வங்காளி வழக்கப்படி ஒரு முழு ரூயி மீன், மூக்கில் நத்து, நெற்றியில் குங்குமம், சிவப்புப் பட்டுத்துணி சுற்றி, கல்யாணப் பெண் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஜகதாம்பாள் முதலில் அதைப் பொம்மை என்று நினைத்துக் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்த்துவிட்டாள்.

மூன்றாவதாக வந்த ஜைனக் குடும்பம்தான் உண்மையான சைவம். சொல்லப்போனால் அவளைவிடச் சைவம். அவள் வைத்த சின்ன வெங்காய சாம்பாரின் வாசனை கீழே இறங்கியதும், அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

இப்படியாக 1996ஆம் வருஷம் கீழ்ப் பகுதியில் பூட்டுதான் குடியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பரிதோஷ் சான்யால் வந்தார். நாற்பது வயது இருக்கும். தலைமுடி, புருவம், சட்டைக் காலர் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்க்கிறவர் என்று அவள் நினைத்தாள். ஊரில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் விஞ்ஞானி என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். இருவரும் வங்காளியில் பேசினார்கள். அவளுடைய வங்காளியில் வினைச்சொல் மட்டும்தான் வங்காளி.

"எத்தனை பேர் இருப்பேள்?"

"நான் பகல்ல மட்டும் வருவேன், மாஷிமா. எனக்கு பாலிகஞ்ச்ல வீடு இருக்கு. இங்க வைக்கப்போறது எலும்பு."

ஜகதாம்பாள் இரண்டடி பின்னால் போனாள். "எலும்பா? எங்காத்துலயா?"

"பழைய எலும்பு. கோதாவரிக் கரையில தோண்டி எடுத்தோம். டைனோசர். எங்க நிலையத்துல வைக்க இடமில்லை. மழை பெஞ்சா கிடங்குல தண்ணி ஏறுது."

"பழசோ புதுசோ, எலும்புன்னா தீட்டு. ஏன்னா, நீங்க சொல்லக்கூடாதா?"

மஹாதேவன் பேப்பரைத் தாழ்த்தினார். "எத்தனை வருஷத்துக்கு முந்தி செத்தது?"

"பதினஞ்சு, பதினாறு கோடி வருஷம் இருக்கும்."

"பங்காளிக்கே பத்து நாள்தாண்டி," என்றார் மஹாதேவன். பேப்பர் மறுபடி உயர்ந்தது.

சான்யால் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். கறுப்பாக, கனமாக இருந்தது. "பாருங்க, இப்ப இது எலும்பே இல்லை. எலும்பு எல்லாம் கரைஞ்சு, அந்த இடத்துல கல் வந்து உக்காந்திருக்கு. உருவம் மட்டும்தான் எலும்பு."

ஜகதாம்பாள் விரலால் தொட்டாள். தட்டினாள். அவள் முகம் மாறியது. "நம்மாத்து சாளக்கிராமம் மாதிரின்னா இருக்கு!"

"கரெக்ட், மாஷிமா! உங்க சாளக்கிராமமும் ஒரு காலத்துல—" என்று சான்யால் உற்சாகமாக ஆரம்பித்தார். அதுவும் கடலில் வாழ்ந்த நத்தை மாதிரியான ஒரு ஜீவனின் அச்சுதான் என்று சொல்ல வாயெடுத்தவரை, பேப்பருக்கு மேலாக மஹாதேவனின் கண்கள் எச்சரித்தன. சான்யால் வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு, தண்ணீர் கேட்டார்.

கல்லுக்குத் தீட்டில்லை என்று முடிவாயிற்று. ஆனால் வழக்கமான கேள்வி பாக்கி இருந்தது.

"உயிரோட இருந்தப்போ அது என்ன சாப்பிட்டுது?"

"இலை, தழை."

"வேற ஒண்ணும் கிடையாதே?"

"கால் எலும்பைப் பார்த்தாலே தெரியும் மாஷிமா. இந்த மாதிரிக் கால் இருக்கிறது எல்லாம் தழை தின்கிற ஜாதி."

ஜகதாம்பாள் சாவியை எடுத்துவரப் போனாள்.

குடித்தனக்காரர் லாரியில் வந்து இறங்கினார். எலும்புகளைச் சுற்றிச் சாக்குத்துணியும் பிளாஸ்டரும் போட்டு உருட்டியிருந்தார்கள். கோணல் பூசணிக்காய்களுக்கு மாவுக்கட்டுக் கட்டியது போல இருந்தது. கூலிகள் தூக்கி உள்ளே வைக்கும் வரை அவள் வாசலில் நின்று, "பார்த்து, பார்த்து, படி இடிக்கப்போறது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புதுக் குடித்தனம் என்றால் பால் காய்ச்ச வேண்டும். காய்ச்சினாள். பால் பொங்கிய திசை நன்றாக இருந்தது. சான்யாலுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள்.

அதன் பிறகு அவர் தினமும் வந்தார். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஊசிகளையும் குட்டி உளிகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொதியாகப் பிரித்து, எலும்பைச் சுற்றியிருந்த பாறையைச் சுரண்டுவார். ஒரு விரல் நீளம் சுரண்ட ஒரு வாரம் ஆகும். நாலு மணிக்கு ஜகதாம்பாள் ஃபில்டர் காபியுடன் இறங்கிவருவாள்.

"இன்னிக்கு என்ன கிடைச்சுது?"

"முதுகுல ஒரு எலும்பு."

"நேத்திக்கும் அதுதானே?"

"அது அதுக்கு முந்தின எலும்பு."

"நம்மாத்துக்காரர் பாங்கிலே ஃபைல் பார்த்த மாதிரி பார்க்கறேளே," என்று சொல்லிவிட்டு மேலே போவாள்.

லேக் மார்க்கெட்டில் வெள்ளிக்கிழமைகளில் தமிழ் மாமிகளின் பஜனை நடக்கும். அதற்குத் தலைவி காமு மாமி. காமுவின் வீட்டிலும் வாடகைக்கு ஆள் இருந்தார்கள். அவர்கள் மறைவாக முட்டை சமைக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். ஜகதாம்பாள் பஜனை முடிந்து சுண்டல் கைக்கு வந்ததும் ஆரம்பிப்பாள்.

"எங்காத்துக் குடித்தனக்காரர் மாதிரி கிடைக்கணும். சத்தமே கிடையாது. தண்ணி செலவு கிடையாது. நேரம் கெட்ட நேரத்துல கதவைத் தட்டறதில்லை. சுத்த சைவம். இலைதான்."

"செத்துப்போனவர் எப்படி மாமி தண்ணி செலவு பண்ணுவார்?" என்று காமு கேட்டாள்.

"உயிரோட இருக்கறவாளும் பண்ணாம இருக்கலாமே. யார் பண்றா?"

இப்படிக் கழிந்த இரண்டு வருஷமும் அவள் வாழ்க்கையில் மிக நல்ல காலம். அதன் உச்சியில் ஒரு மாலை சான்யால் மாடி ஏறி வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், இது புது ஜாதி என்றார். உலகத்தில் இதுவரை கிடைத்த எந்த டைனோசரோடும் ஒத்துப்போகவில்லை. பெயரே இல்லாத மிருகம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதி, அதில் பெயர் வைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் வைப்பதுதான் பெயர்.

"பெயர் ரெண்டு பாகமா இருக்கும். முதல் பாகம் கௌதமிசாரஸ். கோதாவரிக்கு கௌதமின்னு ஒரு பேர் இருக்கு இல்லையா, அதுலேர்ந்து. ரெண்டாவது பாகம் யாரையாவது கௌரவப்படுத்தி வைக்கலாம். மாஷிமா, நீங்க இடம் கொடுக்கலேன்னா இது கிடங்குத் தண்ணியில ஊறிப் போயிருக்கும். கௌதமிசாரஸ் ஜகதாம்பே. சம்மதமா?"

சந்தில் அவள் எல்லோருக்கும் மாஷிமா. லேக் மார்க்கெட்டில் மாமி. மஹாதேவனுக்கு "இங்க பாரு". கேஸ் கனெக்‌ஷன், டெலிபோன், வீட்டுப் பத்திரம் எல்லாம் மஹாதேவன் பெயரில். வாசல் கல்லில் இருப்பது மாமனார் பெயர். பிள்ளை குட்டி இல்லாததால் யாருக்கும் அம்மா என்றுகூட ஆகவில்லை. தன் முழுப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டது எப்போது என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கோ," என்றாள்.

சான்யால் சொன்னார். அவள் உள்ளே போய்ப் பாயசத்துக்கு ஜவ்வரிசி ஊறப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை பஜனையில் காமுவுக்குச் சுண்டல் தொண்டையில் சிக்கியது. "போயும் போயும் ஒரு மிருகத்துக்கா உங்க பேரு?"

"ஏன், கோயில் யானைக்கு அம்பாள் பேர் வைக்கலையா?"

காமு அன்றைக்கு ஜால்ராவை ஓங்கித் தட்டினாள். பெயர் சூட்டு விழாவுக்கு எல்லா மாமிகளும், மாமாக்களைக் கூட்டிக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் சான்யாலின் போக்கு மாறியது. நாலு மணிக்குக் காபி கொண்டு போனால் அறை பூட்டியிருக்கும். காலையில் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்துவிட்டு, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கிளம்பினார். ஒரு நாள் கரியாஹாட்டில் எதிரே வந்தவர், அவளைப் பார்த்ததும் வளையல் கடைக்குள் புகுந்து, வேண்டாத வளையல்களை விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலி பண்ணப்போறாரோ என்னவோ," என்றாள் கணவரிடம்.

மஹாதேவன் படித்து முடித்த பேப்பரை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் அவள் குளிக்கப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, காபியுடன் நேராகக் கீழே இறங்கினாள். சான்யால் அறையில் இருந்தார். விளக்கு வெளிச்சத்தில் நீளமான தாடை ஒன்று கிடந்தது. அதில் நேரான, கூரான பற்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் ஏதோ பளபளத்தது. சின்னச் சின்ன டைமன் வடிவம், வழுவழுவென்று மின்னியது.

"அட, தோட்டுக்குக் கல் மாதிரி இருக்கே! என்ன இது?"

"மாஷிமா... அது செதில்."

"எதோட செதில்?"

சான்யால் தரையைப் பார்த்தார். "மீன்."

காபி டம்ளர் மேஜையில் டங்கென்று உட்கார்ந்தது. "என் ஆத்துல உக்காந்துண்டு மீன் சாப்பிட்டேளா!"

"நான் சாப்பிடலை, மாஷிமா. காளி மேல ஆணை."

"அந்த ஆணையெல்லாம் நான் பார்த்தாச்சு. நீங்க இல்லேன்னா வேற யார்? இந்த அறைல வேற யார் இருக்கா?"

சான்யால் கையை மெதுவாக நீட்டி, தரையில் வரிசையாக அடுக்கியிருந்த விலா எலும்புகளைக் காட்டினார்.

ஜகதாம்பாள் எலும்புகளைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மறுபடி எலும்புகளைப் பார்த்தாள்.

"வயிறு இருந்த இடத்துலதான் கிடைச்சுது," என்றார் சான்யால். "நிறைய. நல்லா சாப்பிட்டிருக்கு."

"இலை, தழைன்னேளே!"

"அப்ப கால் மட்டும்தான் பிரிச்சிருந்தேன். தலை இருந்த பொதியைக் கடைசியிலதான் பிரிச்சேன்."

"காலைப் பார்த்துட்டா சைவம்னு சொன்னேள்? நானாவது முகத்தைப் பார்த்து ஏமாந்தேன்!"

சான்யாலுக்குக் கண் கலங்கிவிட்டது போலிருந்தது. பிளாஸ்டர் தூளாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தழை தின்கிற மிருகமாக இருந்தால் இது நூறு புது ஜாதிகளில் ஒன்று. மீன் தின்றதால்தான் இது அதிசயம். பத்திரிகைக்காரர்கள் கட்டுரையை உடனே ஏற்றுக்கொண்டதும் அதனால்தான். பெயரில் மாற்றம் இருந்தால் நாளைக் காலை ஃபேக்ஸ் அனுப்பியாக வேண்டும். ஒரு தடவை அச்சாகிவிட்டால், பிறகு அந்த மிருகத்துக்கு அதுதான் பெயர். அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

"உங்களுக்கு இஷ்டமில்லேன்னா எடுத்துடறேன், மாஷிமா. எலும்பையும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். இதைச் சொல்ல வாய் வராமத்தான் ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தேன். ஆனா வேற ஒண்ணு இருக்கு. லேக் மார்க்கெட்ல உங்க சிநேகிதி காமு மாமியைப் பார்த்தேன். ஏதாவது காரணத்தால உங்க பேர் முடியலேன்னா தன் பேரை வெச்சுக்கலாம், தனக்கு ஆட்சேபணை இல்லேன்னாங்க."

ஜகதாம்பாள் மேலே ஏறி வந்தபோது குளியலறை வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக்கூட நிறுத்தவில்லை. மஹாதேவன் எழுந்து போய் நிறுத்தினார்.

"உங்களுக்குத் தெரியுமோன்னோ?"

"போன வாரமே சொன்னான் பாவம்."

"ரெண்டு வருஷமா ஊர் முழுக்கச் சைவம், சைவம்னு சொல்லிண்டிருந்தேன். எல்லாரும் விழாவுக்கு வரா. என்ன முகத்தோட போய் நிப்பேன்? வேண்டாம்னு சொன்னாலோ, பேர் போயிடறது. காமுக்குப் போயிடறது."

மஹாதேவன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். வங்கியில் கடன் மறுக்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்கோ."

"ஆபீஸ்ல இருந்த காலத்துல, நம்ம வங்காளிப் பிள்ளைகள் வற்புறுத்தினான்னு... ஒரு தடவை ஃபிஷ் ஃப்ரை சாப்பிட்டேன்."

"ஒரு தடவையா?"

"சில தடவை."

"கரியாஹாட் போனா மட்டும் வெத்தலை போட்டுண்டு வருவேளே, அதெல்லாம் சேர்த்தா?"

மஹாதேவன் நிமிர்ந்தார். "தெரியுமா?"

"உங்களுக்கு வெத்தலை பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? போன மாசம்கூடப் போட்டுண்டு வந்தேள்."

"இத்தனை வருஷம் ஏன் கேக்கலை?"

"கேட்டா நீங்க இல்லேன்னு சொல்லுவேள். அப்புறம் பொய்யும் சேர்ந்துடும்."

கீழே சான்யால் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. ஜகதாம்பாள் யோசிக்க யோசிக்க, அவள் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. இன்ஷூரன்ஸ் பையன் ஆணையிட்டான். கல்லூரிக்காரர் பூணூலைக் காட்டினார். இவர் வெற்றிலை போட்டார். கீழே படுத்திருப்பது யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தின்றது, செத்தது. இலை, தழை என்று அதன் வாயில் வார்த்தையைப் போட்டதெல்லாம் மனிதர்கள். மீன் சாப்பிட்டவரை வீட்டுக்குள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலமும் கோலம் போட்டாள், விளக்கேற்றினாள். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவள் எழுந்து கீழே போனாள். சான்யால் எழுந்து நின்றார்.

"பேர் இருக்கட்டும்."

"மாஷிமா!"

"ஆனா ஒண்ணு. உங்க கட்டுரைல எழுதணும். இந்த ஆத்துக்கு வந்த நாள்லேர்ந்து அது மீனைத் தொடலைன்னு."

சான்யால் நன்றாக யோசித்தார். எதையும் சோதித்துப் பார்க்காமல் எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதிலும் கால் விஷயத்துக்குப் பிறகு.

"விஞ்ஞானப்படி அதுல ஒரு பிழையும் இல்லை," என்றார் கடைசியில்.

கட்டுரையின் முடிவில் உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் அந்த வரி அச்சாகி வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அதை ஏன் எடுக்காமல் விட்டார்கள் என்பது சான்யாலுக்கே புரியவில்லை.

விழா அன்று ஆராய்ச்சி நிலையத்தின் கூடத்தில் எலும்புகளைக் கம்பியில் கோத்து நிறுத்தியிருந்தார்கள். வால் ஒரு சுவரில் இருந்து தொடங்கியது, மூக்கு எதிர்ச் சுவரைத் தொட்டது. கீழே பித்தளைப் பலகையில் கௌதமிசாரஸ் ஜகதாம்பே. காஞ்சிப் பட்டு மாமிகள் முன்வரிசையில், மாமாக்கள் பின்னால். சான்யால் பேசி முடித்துவிட்டு, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். காமு மாமி காத்துக்கொண்டிருந்தவள் போல எழுந்தாள். தாடையைக் கைகாட்டினாள்.

"பல்லைப் பார்த்தா இலை சாப்பிட்ட மாதிரித் தெரியலையே. என்னதான் சாப்பிட்டுது?"

சான்யால் மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனார். அவர் வாய் திறப்பதற்குள் ஜகதாம்பாள் எழுந்துவிட்டாள்.

"மீன்," என்றாள், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி.

காமுவின் முகத்தில் தீபாவளி. "அப்போ ரெண்டு வருஷமா உங்காத்துல..."

"எங்காத்துக்கு வந்ததுக்கப்புறம் தொட்டதில்லை. அச்சுல போட்டிருக்கா, உலகம் பூரா படிக்கறது. நீங்க சொல்லுங்கோ காமு, உங்காத்து மனுஷாளைப் பத்தி அப்படி ஒரு வரி எழுதிக் கொடுக்க முடியுமா?"

காமு திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தியாக முன்வரிசை முழுவதும் திரும்பிப் பின்னால் பார்த்தது. மாமாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டைனோசரின் வாலை ஆராயத் தொடங்கினார்கள். அவர்களில் மிகவும் கவனமாக ஆராய்ந்தவர் மஹாதேவன்.